அணைக்கச் சொல்லி ஒரு மனு

மார்ச் 3, திங்கள்

காலையில் எழுந்ததும் முதலில் வாசல் விளக்கை அணைத்தேன். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், விடிந்த பிறகும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. நேற்று நான் அதைப் போடவில்லை. இவரும் போடவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு வாரத்தில் இது மூன்றாவது முறை. "சுவிட்ச் லூசா இருக்கும் வசு, மாத்திருவோம்" என்று இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

திங்கட்கிழமை, குறைதீர் நாள். ஆட்சியர் அலுவலக அரங்கில் எங்கள் ஊரக வளர்ச்சிப் பிரிவுக்கு ஒரு மேசை. நானும் கண்காணிப்பாளர் தளவாயும் காலை பத்திலிருந்து உட்கார்ந்திருந்தோம். தெருக்குழாய், தொகுப்பு வீடு, நூறு நாள் வேலைக்கு அட்டை. மதியம் ஒரு மணி இருக்கும், முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். புகையிலைக் கறை ஏறிய விரல்கள். பீடி சுற்றுகிறவள் என்று பார்த்ததும் தெரிந்தது. வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருகிறவரிடம் எழுதி வாங்கியிருந்தாள்.

'ஊத்தாங்குளம் விலக்கில் உள்ள உயர்கோபுர மின்விளக்கை அணைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

தளவாய் அண்ணாச்சி இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தார்.

"இருவத்தெட்டு வருச சர்வீசுல லைட்டு கேட்டு மனு பாத்திருக்கேன். லைட்டு எரியலன்னு மனு பாத்திருக்கேன். நல்லா எரியிற லைட்ட அமத்தணும்னு இன்னைக்குத்தான் பாக்கேன். ஏம்மா, கரண்டு பில்லு நீயா கட்டுத?"

"நான் கட்டல சார். எங்க அக்கா கட்டிட்டா."

பக்கத்து மேசைக்காரர்கூடச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனுவுக்கு எண் போட்டு, முப்பது நாளில் பதில் வரும் என்று சொல்லி ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தேன். எண் 417. பெயர் செல்லக்கனி.

அக்கா பெயரை நான் கேட்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

சுவிட்சை மாற்றியாயிற்று. பழையதில் ஒரு கோளாறும் இல்லை என்று எலக்ட்ரீசியன் சொன்னார்.

மார்ச் 6, வியாழன்

பொருளாதார ஊக்க நிதி மறுபடி வருகிறது. சந்தை மந்தமாக இருக்கிறது, அரசே செலவு செய்து கிளப்பிவிட வேண்டும் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். எதில் செலவழிப்பது என்று வரும் இருபத்தொன்றாம் தேதிக்குள் நாங்கள் பட்டியல் கொடுக்க வேண்டும். எழுத வேண்டியது நான். உதவித் திட்ட அலுவலர் என்ற பதவிக்கு நடைமுறையில் அதுதான் பொருள்.

புதிய திட்ட இயக்குநர் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சுறுசுறுப்பானவர். கூட்டத்தில் நின்றுகொண்டே பேசினார்.

"ஊக்க நிதிங்கறது ஐசியூல கெடக்கறவனுக்குப் போடற ஊசி மாதிரி. டாக்டர் யோசிச்சிட்டு நிக்கக் கூடாது. போடணும். பணம் ஓடணும். அவ்வளவுதான்."

நான் எம்.ஏ. பொருளாதாரம் படித்தவள். ஒருவருடைய செலவு இன்னொருவருடைய வருமானம் என்று நோட்டு நோட்டாக எழுதியிருக்கிறேன். கொத்தனார் கூலி வாங்குவார், மளிகைக்கடையில் கொடுப்பார், மளிகைக்கடைக்காரர் பிள்ளைக்குச் சட்டை எடுப்பார், தையல்காரர் மீன் வாங்குவார். இப்படி ஒரே ரூபாய் ஊருக்குள் நாலைந்து கை மாறும். கை மாறுகிற அந்த எண்ணிக்கைதான் ஊக்கம். ஊசி எந்தக் கையில் ஏறுகிறது, மருந்து எந்த உடம்புக்குப் போகிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இந்த முறை ஒரு சலுகை உண்டு. மார்ச் முப்பத்தொன்றுக்குள் வேலை முடிந்து பணம் செலவாகியிருக்க வேண்டியதில்லை, பட்டியலுக்கு அனுமதி கிடைத்திருந்தால் போதும். சென்ற முறை அப்படி இல்லை. செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும் என்றார்கள். அதனால்தான்.

அதனால்தான் என்று எழுதி நிறுத்திவிட்டேன். முழுதாக எழுதுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன், தொற்றுக்காலம் ஓய்ந்து, கடைகள் திறந்தும் வாங்க ஆளில்லாமல் கிடந்த மார்ச் மாதம். அப்போது எங்கள் பட்டியலில் முதலாவதாக இருந்தது ஊத்தாங்குளம் ஓடைப் பாலம். அங்கே இருப்பது வெறும் தரைப்பாலம். மழைக்காலத்தில் தண்ணீர் அதன் மேலேயே ஓடும். உயரமான பாலம் கட்ட மண் பரிசோதனை, டெண்டர் என்று நான்கு மாதமாவது ஆகும். கையில் இருந்தது இருபத்துமூன்று நாள். உயர்கோபுர விளக்கு என்றால் பதினோரு நாளில் ஆர்டர் கொடுத்து, நட்டு, பில் போட்டுவிடலாம். பாலம் நீக்கப்பட்டது. பெரிய சாலையிலிருந்து ஊர் ரோடு பிரிகிற முப்பத்தெட்டு விலக்குகளில் முப்பத்தெட்டு விளக்குகள். நிதியை முழுவதும் செலவழித்த முதல் மாவட்டம் என்று எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

குழுவாக எடுத்த முடிவு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

மார்ச் 8, சனி

மார்ச் மாதம் என்பதால் சனிக்கிழமையும் அரை நாள் அலுவலகம். பழைய கோப்பில் ஒரு விளக்கின் பணம் எங்கெல்லாம் போனது என்று பார்த்தேன். கம்பம் வடக்கே ஒரு தொழிற்சாலையிலிருந்து. விளக்குகள் துறைமுகம் வழியாக. கிரேன் மதுரையிலிருந்து. நட்டவர்கள் ஐந்து பேர், ஐவரும் வெளியூர்.

திரும்பும்போது ஊத்தாங்குளம் விலக்கில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். இந்த வழியாகத்தான் தினமும் வருகிறேன். வழக்கமாக அந்த இடம் வரும்போது போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விலக்கில் ஒரு டீக்கடை, பீடிக் கம்பெனியின் கிளைக்கடை ஒன்று, ஒரு புளியமரம், நடுவில் விளக்கு. அவ்வளவுதான் அந்த இடம். டீக்கடை கோயில்பிச்சை அண்ணாச்சிக்கு நான் யாரென்று தெரியாது. தெரியாமலிருப்பது நல்லது என்று தோன்றியது.

"லைட்டு வந்தபொறவு யாவாரம் கூடியிருக்குமே?"

"கூடுச்சு. ஈசலு கூடுச்சு." பாய்லரைத் தட்டினார். "மழக்காலத்துல அந்தி சாஞ்சா போதும், அம்புட்டு ஈசலும் இங்கதான். டீக்குள்ள விழும், வடச்சட்டிக்குள்ள விழும். நான் எட்டு மணிவர தொறந்து வச்சிருந்த கட. இப்ப ஆறு மணிக்கே பூட்டிட்டுப் போயிருதேன்."

"லைட்டு நட வந்தவங்க இங்க சாப்பிட்டிருப்பாங்கல்லா?"

"ரெண்டு நாளு புரோட்டா தின்னாவ. நல்லாத் தின்னாவ, கொற சொல்லக் கூடாது. அம்புட்டுப் பெரிய லைட்டுல நமக்கு வந்தது அந்தப் புரோட்டாதான்."

பிறகு அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "இதுல ஒரு கூத்து என்னன்னா, டைமர் போயிட்டு. பகல்லயும் எரியுது."

அண்ணாந்து பார்த்தேன். மணி மூன்று. மார்ச் மாத வெயில். அந்த வெயிலுக்குள் ஆறு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற வெளுப்பு. இறந்துபோனவர்களின் கண்ணை மூடிவிட மறந்தால் அப்படித்தான் இருக்கும்.

கம்பத்தடியிலிருந்து ஊத்தாங்குளம் ரோடு நேராக இறங்குகிறது. கூப்பிடு தூரத்தில் ஓடை. தரைப்பாலம் இங்கிருந்தே தெரிந்தது. நான் போகவில்லை. வெயில் அதிகம்.

மார்ச் 9, ஞாயிறு

கூழ் வத்தல் பிழிந்தேன். வேறொன்றுமில்லை. வாசல் விளக்கு எரிந்திருந்தது.

மார்ச் 10, திங்கள்

தளவாய் அண்ணாச்சி, மனு 417க்குப் பதில் தயாரித்து மேசையில் வைத்திருந்தார். 'தங்கள் மனுவில் குறிப்பிட்டுள்ள மின்விளக்கு ஆய்வு செய்யப்பட்டது. அது நல்ல நிலையில் எரிந்து வருகிறது என்பது தெரிவிக்கப்படுகிறது.'

"அமத்தச் சொல்லிக் கேட்டவளுக்கு நல்லா எரியுதுன்னு பதிலா அண்ணாச்சி?"

"லைட்டு மனுன்னா கம்ப்யூட்டர்ல ஒரு பதில்தான் மேடம் இருக்கு. அமத்தணும்னா வேற ஃபார்மட் வேணும். அதுவும் போக, எரியாத லைட்டு ஆடிட்ல குத்தம். எரியிற லைட்டு என்னைக்குமே குத்தமில்ல."

"நான் வச்சிருக்கேன். அப்புறம் தாரேன்."

அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "இது ஆவுடைத்தாய் தங்கச்சில்லா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

மாலைக்குள் புதிய பட்டியலை எழுதினேன். முதல் இனம்: ஊத்தாங்குளம் பாலம். காரணங்களை நன்றாகவே எழுதினேன் என்று நினைக்கிறேன். கல் இங்கேயே உடைக்கிறார்கள். கொத்தனார்கள் பக்கத்து ஊர். கரை கட்டும் வேலைக்கு ஐந்து மாதத்துக்குத் தொண்ணூறு பேர் தேவைப்படுவார்கள். வாரக்கூலி வாரச் சந்தைக்கு வரும். அதன் பிறகும் பாலம் இருக்கும். எழுதி முடித்தபோது, பல நாளாக அடைத்திருந்த மூக்கு திறந்த மாதிரி இருந்தது.

மார்ச் 13, வியாழன்

இயக்குநர் சார் பட்டியலைப் படித்தார். எதிர்ப்பார் என்று நினைத்தேன். எதிர்க்கவில்லை.

"நல்லாருக்கு மேடம். பாலம்னா போட்டோவும் நல்லா வரும், கூலியும் ஊருக்குள்ள போகும். எனக்கு ஆட்சேபணையே இல்ல. ஆனா இதப் பாருங்க." கோப்பைத் திருப்பி வைத்தார். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு விசாரணை அறிக்கை. 'தரைப்பாலத்தில் அபாய எச்சரிக்கைப் பலகை அக்டோபர் மாதமே வைக்கப்பட்டிருந்தது. மாற்றுப் பாதையும் உள்ளது. விபத்து, சம்பந்தப்பட்டவரின் கவனக்குறைவால் நேர்ந்தது. எனவே உயர்மட்டப் பாலம் உடனடித் தேவை அன்று.' இது கோப்புல இருக்கறவரைக்கும் நான் எப்படி இதை அவசரத் தேவைன்னு மேல அனுப்ப முடியும்? போன வருசம் பஞ்சாயத்து கேட்டப்பவும் இதக் காட்டித்தானே தள்ளியிருக்கீங்க?"

"ஆமா சார்."

"இந்த அறிக்கை தப்புன்னு யாராவது ஆதாரத்தோட சொன்னா, நான் பாலத்துக்கு எழுதறேன். இல்லன்னா லைட்டுக்கே போயிடலாம். இன்னும் அறுபது விலக்கு பாக்கி இருக்குன்னு தளவாய் சொல்றாரு. யார் எழுதினது இது?"

கீழே முன்னாள் இயக்குநரின் கையெழுத்து. அவர் ஓய்வுபெற்று மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். இடது ஓரத்தில் சின்னதாகப் பச்சை மையில் இரண்டு எழுத்துச் சுருக்கொப்பம். வரைவு எழுதியவர் போடுவது. இயக்குநர் அதைக் கவனிக்கவில்லை. அவ்வளவு சின்ன எழுத்து.

"பழைய அறிக்கை சார். பாத்துச் சொல்றேன்" என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

எழுதியது நான்.

குழு என்று முன்பு எழுதியிருக்கிறேன். குழு இருந்தது. பென்சில் என் கையில் இருந்தது. பாலத்தின் மேல் கோடு போட்டதும் நான்தான். பக்கத்து மாவட்டம் தொண்ணூற்றுநான்கு சதவீதத்தில் நின்றது, நாம் நூறு காட்டுவோம் என்று சொன்னதும் நான்தான். ஊரில் காசு ஓடவில்லை, வேகமாகச் செலவழிப்பதே அப்போது செய்யக்கூடிய நல்லது என்று மனதார நம்பினேன். இப்போதும் அந்த நம்பிக்கை பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் கேடயத்தோடு எடுத்த படத்தில் நான் நன்றாகச் சிரித்திருக்கிறேன்.

அந்த வருட நவம்பர் பதினெட்டாம் தேதி ஆவுடைத்தாய் ஓடை வெள்ளத்தில் போனாள். மறுநாள் முன்னாள் இயக்குநர் கூப்பிட்டுச் சொன்னது இரண்டே வாக்கியம்: "போர்டு வச்சிருந்தோம்தானே? இருந்த மாதிரி எழுதுங்க." பெயின்டரை அனுப்பிப் பலகையை நடச்சொன்னேன். பிறகு உட்கார்ந்து 'அக்டோபர் மாதமே' என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லால் அது அவள் கவனக்குறைவு ஆயிற்று. குடும்பத்துக்கு நிவாரணம் இல்லை என்றாயிற்று. பாலம் தேவையில்லை என்றும் ஆயிற்று.

ஆவுடைத்தாயை எனக்குத் தெரியாது என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை பார்த்திருக்கிறேன். பட்டியல் போடுவதற்கு முன் இடத்தைப் பார்க்கப் போனபோது, பீடி இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டாள். "பாலம் வந்திருமா மேடம்?"

"மார்ச்சுக்குள்ள ஏதாவது வரும்மா" என்றேன்.

ஏதாவது வந்தது.

மார்ச் 15, சனி

போனேன். காலையிலேயே, வெயிலுக்கு முன்.

ஓடை காய்ந்து கிடக்கிறது. தரைப்பாலத்தின் மேல் ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. தண்ணீர் இல்லாதபோது அது முழங்கால் உயரச் சிமெண்டுத் தளம், அவ்வளவுதான். இதில் ஒரு ஆள் சாகலாம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

செல்லக்கனி வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "வாங்க மேடம். மனுவுக்குப் பதிலா?"

"இல்ல. நீ எதுக்கு லைட்ட அமத்தணும்னு கேட்டேன்னு தெரிஞ்சிக்கிடணும்."

அவள் சுற்றுவதை நிறுத்தாமலேயே சொன்னாள். கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"முன்னாடில்லாம் விலக்குல இருட்டு மேடம். பீடிக்கடையில பீடியக் குடுத்துட்டு, மறுநாளைக்கு எல வாங்கிட்டு வரும்போது மழன்னா, ஓடக்கரையில நின்னு காது குடுத்துக் கேப்போம். தண்ணி எரைச்சல் போடுதுன்னா எறங்க மாட்டோம். கடைக்கே திரும்பிப் போயி, கடைசி பஸ்ஸுல சுத்திக்கிட்டு வருவோம். பதினோரு கிலோமீட்டரு. ஏசிக்கிட்டேதான் வருவோம், ஆனா வந்துருவோம். லைட்டு வந்தபொறவு யாரு காதுகுடுத்துக் கேட்டா? எல்லாந்தான் தெரியுதேன்னு கண்ணால பாத்தோம். லைட்டடியில தண்ணி வெள்ளவெளேர்னு, பளபளன்னு, கரண்டக்கால் அளவுதான் கெடக்க மாதிரி தெரிஞ்சிச்சு. 'தெரியுதுல்லாட்டீ, வா'ன்னா அக்கா. எறங்கிட்டா."

சுற்றி முடித்த பீடியை முறத்தில் போட்டாள்.

"எல நனைஞ்சா கடையில கழிச்சிருவாவ. அதனால எலக்கட்ட ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிக்கிட்டா. நான் பின்னால. நடுவுல போகும்போது அவளுக்குக் காலு தட்டிட்டு. கையக் குடு கையக் குடுன்னு கத்துதேன். கையக் குடுக்கணும்னா எலய விடணும்லா."

"விட்டாளா?"

"விடல மேடம்."

கத்தரிக்கோலால் ஒரு இலையை வெட்டினாள்.

"அக்கா மவ சுபா பன்னெண்டாவதோட நின்னுட்டா. இப்ப அவதான் கடைக்குப் போறா. அதே எலக்கட்டு. ஐப்பசி கார்த்தியல அதே தண்ணி. அந்த லைட்டு எரியிறவரைக்கும் அவளும் கண்ணால பாத்துட்டு எறங்குவா. நான் பாலம் கேக்கல. கேட்டாச்சு, அது வராதுன்னுட்டாவ. அதான் லைட்ட அமத்துங்கன்னேன். இருட்டா இருந்தா பயந்துட்டு நிப்பா."

அடுத்த இலையை எடுத்துக்கொண்டே, "அந்த போர்டு எப்ப வச்சதுன்னு உங்களுக்குத் தெரியும்லா மேடம்?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தாள்.

திரும்பும்போது பலகையின் முன்னால் நின்றேன். 'வெள்ளம் வரும்போது கடக்காதீர்.' சிவப்பு எழுத்து வெளுத்திருந்தது. பின்பக்கம் போனேன். அதுவரை நான் அதன் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. எங்கள் துறையில் எந்த வேலை செய்தாலும் திட்டத்தின் பெயரும் முடித்த தேதியும் எழுதியாக வேண்டும். கக்கூஸ் கதவென்றாலும் எழுத வேண்டும். பெயின்டர் பழக்கமானவர், யாரும் சொல்லாமலேயே எழுதிவிடுவார். அவரிடம் முன்பக்கத்தை என்ன செய்யவேண்டும் என்று சொன்னேன். பின்பக்கத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

கறுப்பு மையில், நிதானமான கையெழுத்தில்: 'முடித்த நாள் 19.11.' கீழே ஆண்டு.

வெயில் படாத பக்கம். எழுத்து அப்படியே புதிதாக இருந்தது. இரண்டு வருடமாக அது அங்கேயே, வருகிறவர் போகிறவர் எல்லோர் முன்னாலும் நின்றிருக்கிறது. போனில் படம் எடுத்துக்கொண்டேன். எடுக்கும்போது, மேலே அந்த விளக்கு பகலில் எரிந்துகொண்டிருப்பது முதுகில் தெரிந்தது.

மார்ச் 16, ஞாயிறு

வத்தல் காய்ந்துவிட்டது. டப்பாவில் அடைத்தேன். இவர் பின்னால் வந்து நின்றார்.

"வசு, அந்த சுவிட்ச்ச மாத்துனதெல்லாம் வீண். லைட்டப் போடறது நீதான்."

"நானா?"

"மூணு நாளா பாக்கேன். விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயி போட்டுட்டு வந்து படுத்துருத. இன்னைக்கு எதுக்குன்னு கேட்டேன். கண்ணத் தொறக்காமலே சொன்ன."

"என்ன சொன்னேன்?"

"'அந்தம்மா வர்ற நேரம், இருட்டா இருக்கும்'னு சொன்ன."

டப்பா மூடி சரியாகப் பொருந்தவில்லை. வெகுநேரம் திருகிக்கொண்டே இருந்தேன். என் தூக்கத்தில்கூட நான் அவளுக்கு விளக்குதான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 19, புதன்

விளக்குக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி வந்திருந்தார். அல்வாப் பெட்டியும் வண்ணப்படப் புத்தகமும். புது மாடலில் பத்து விளக்காம். "பதினோரு நாள்கூட வேண்டாம் மேடம், எட்டே நாள்" என்றார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும், அவருக்கும் மார்ச் மாத இலக்கு இருக்கும். அல்வாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே தளவாய் அண்ணாச்சி பேச்சுக் கொடுத்தார்.

"மேடம், நானும் ஒண்ணும் தெரியாதவன் இல்ல. அந்த ஃபைல நான்தான் டைப் அடிச்சேன். அந்த ஃபைலத் தோண்டுனா என்ன வரும் தெரியும்லா? பதினேழு பி. சார்ஜ் மெமோ. சஸ்பென்ஷன். வார வருசம் உங்க ப்ரமோஷன் வருது. செத்தவ எந்திரிச்சு வரப்போறாளா?"

"அவ மக அந்தப் பக்கமாத்தான் போய்ட்டு வாரா அண்ணாச்சி."

"ஊருல எல்லாரு மவளும்தான் போறா வாரா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெரியவர் சொல்லித்தான் எழுதினோம்னு சொல்லலாம். ஆனா அவர் சொன்னது வாயால. நீங்க எழுதுனது பச்ச மையால."

அவர் மிரட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். பாதி ஆம்லெட்டை என் தட்டில் வைத்தார். சாப்பிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

இயக்குநர் போன் செய்தார். "நாளைக்கு ஃபைனல் மேடம். பாலமா, லைட்டா? ஆதாரம் ஏதாச்சும் கிடைச்சுதா?"

"நாளைக்குக் காலைல சொல்றேன் சார்."

வீட்டுக்கு வரும் வழியில், விலக்கில் பஸ் நின்றது. இன்று போனைப் பார்க்கவில்லை. பீடிக்கடையிலிருந்து ஒரு பெண் இலைக்கட்டோடு இறங்கிப் போனாள். பதினெட்டு வயது இருக்கலாம். சுபாவா, வேறு யாருமா, தெரியாது. வெளிச்சத்தில் அவளுடைய நிழல் அவளுக்கு முன்னால் நீளமாக, ஓடைவரைக்கும் போய்க் கிடந்தது.

மார்ச் 21, வெள்ளி

இன்று எழுந்ததும் வாசலுக்குப் போனேன். விளக்கு எரியவில்லை. நேற்றுப் படுத்ததிலிருந்து நான் தூங்கவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

தோசை வார்த்து இவருக்குக் கொடுத்தேன். "என்ன, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். "மார்ச் மாசம்லா" என்றேன். ஒப்புக்கொண்டு ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டார். இருபது வருடமாக மார்ச் மாதம் என்றால் இந்த வீட்டில் அதற்குமேல் கேள்வி கிடையாது.

அவர் போன பிறகு சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். தளவாய் அண்ணாச்சி தயாரித்த பதிலைக் கிழிக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன், பிறகு நல்ல தாளில் எழுதினேன். மனு எண் 417. பெறுநர்: திருமதி செல்லக்கனி, ஊத்தாங்குளம்.

'தாங்கள் குறிப்பிட்ட மின்விளக்கின் நேரக்கருவி பழுதடைந்துள்ளது. அது சரிசெய்யப்படும்வரை விளக்கை நிறுத்திவைக்க ஊராட்சிக்குக் கேட்டு எழுதப்படுகிறது. தங்கள் சகோதரி ஆவுடைத்தாய் இறந்த நாளில் தரைப்பாலத்தில் எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. அது மறுநாள் வைக்கப்பட்டது. பலகையின் பின்புறத்தில் உள்ள தேதியின் படம் இணைக்கப்பட்டுள்ளது. பலகை முன்பே இருந்ததாகத் தெரிவிக்கும் விசாரணை அறிக்கை உண்மையல்ல. அதை எழுதியது நான். விபத்து தங்கள் சகோதரியின் கவனக்குறைவால் நேர்ந்ததல்ல. நகல்: திட்ட இயக்குநர், ஊத்தாங்குளம் பாலத்தை ஊக்க நிதிப் பட்டியலின் முதல் இனமாகச் சேர்ப்பதற்கான ஆதாரமாக.'

மேலிடத்துக்கு எழுதும் கடிதமாகத்தான் முதலில் நினைத்தேன். அப்படி எழுதினால் அது கோப்புக்குள் போகும், கோப்பு அலமாரிக்குள் போகும். மனுவுக்குப் பதில் என்றால் அவள் கைக்குப் போகும். அவள் கைக்குப் போனதை யாராலும் திரும்ப வாங்க முடியாது. நகல்தான் இயக்குநருக்கு. ஒரிஜினல் அவளுக்கு.

பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும். வழியில் தபால் நிலையம் ஒன்பதரைக்கே திறந்துவிடும். முதலில் அங்கேதான் இறங்கப் போகிறேன். பதிவுத் தபால். அதன் பிறகுதான் இயக்குநர் அறை. இவருக்கு இது தெரியாது, தளவாய் அண்ணாச்சிக்கும் தெரியாது. செல்லக்கனிக்குத் திங்களோ செவ்வாயோ தெரியும்.

கடைசியில் பேனாவை எடுத்தபோது கை பழக்கப்படி இடது ஓரத்துக்குத்தான் போனது, இரண்டெழுத்துப் போட. நிறுத்தி, வலதுபக்கம் கீழே, என் முழுப்பெயரையும் எழுதினேன். பச்சை மை காய்வதற்காகத் தாளை மேசையில் விரித்துவைத்திருக்கிறேன்.